இல்லாத பறவைக்கு அஞ்சலி

சென்ற வாரம் விடுதி நண்பர் ஒருவர் எனக்கு ஒரு படத்தை அனுப்பியிருந்தார். தூய வெண்ணிறப் பறவை. கொழுத்த உடல், கொக்கியாய் வளைந்த பேரலகு, மஞ்சள் தோய்ந்த குறுஞ்சிறகு. கீழே, ‘ரெயூனியன் தீவின் வெள்ளை டோடோ: மனிதனின் பேராசைக்குப் பலியானது’ என்றொரு வரி. நூற்றுக்கணக்கானோர் அதன்கீழ்க் கண்ணீர்க் குறி இட்டிருந்தனர். அப்படியொரு பறவை உலகில் ஒருபோதும் இருந்ததில்லை என்று நண்பருக்கு எழுதினேன். உடனே மறுமொழி வந்தது: “இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? சொல்ல வரும் செய்தி சரிதானே?”

இப்பதிவு அந்த ஒற்றை வாக்கியத்துக்கு எதிரானது. நண்பர்மீது எனக்குக் கோபம் இல்லை, அவ்வாக்கியத்தின்மீது உண்டு. சூழலியல் பேசும் நல்ல மனிதர்கள் பலர் இவ்வாக்கியத்தை ஒரு கேடயம் போலப் பயன்படுத்துவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நான் மொழியியல் பயின்றவர். பறவையியல் அறிஞர் அல்லர். ஆயினும் இது பறவைக்கு நேர்ந்ததைக் காட்டிலும் பெயருக்கு நேர்ந்த கதை. ஆகவே எனக்கும் இதில் பேச இடமுண்டு எனக் கருதுகிறேன்.

இந்தியப் பெருங்கடலில் மஸ்கரீன் தீவுகள் மூன்று: மொரீஷியஸ், ரெயூனியன், ரொட்ரிக்ஸ். டோடோ மொரீஷியஸில் மட்டும் வாழ்ந்தது. அதன் நெருங்கிய உறவான, பறவாத மற்றொரு பறவை ரொட்ரிக்ஸில் வாழ்ந்தது. ‘தனியன்’ எனப் பொருள்படும் ‘சொலித்தேர்’ என்ற பெயரை அதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வழங்கினர். ரெயூனியனில் என்ன இருந்தது? 1613-இல் அங்கு இறங்கிய ஆங்கிலக் கப்பல் ஒன்றின் அதிகாரியான ஜான் டாட்டன், வான்கோழி அளவில், கொழுத்த, வெண்ணிறமான, மனிதரைக் கண்டு அஞ்சாத பறவை ஒன்றைக் குறிப்பிடுகிறார். 1619-இல் வந்த டச்சு மாலுமி பொன்டெகூ, டோடோவுக்கு டச்சுக்காரர் வழங்கிய பெயரையே எடுத்து ரெயூனியன் பறவைக்குச் சூட்டிவிட்டார். அவருடைய கப்பல் பின்னர் வெடித்து மூழ்கியது. நூல் வெளிவந்தது 1646-இல். நாட்குறிப்பு கையில் இல்லாமல் நினைவிலிருந்து எழுதுபவர், தெரியாத பறவைக்குத் தெரிந்த பெயரை இடுவதில் வியப்பில்லை. பிறகு 1674-இல் வெளிவந்த துபுவா என்பவரின் பயணக் குறிப்பு, எப்போதும் தனித்தே திரிவதால் ‘சொலித்தேர்’ எனப்பட்ட ரெயூனியன் பறவையை விவரிக்கிறது: பெரிய வாத்து அளவு, வெள்ளை உடல், சிறகு நுனியிலும் வாலிலும் கறுப்பு, நீண்ட கழுத்து, உள்ளான் பறவையுடையதைப் போன்ற, ஆனால் அதனினும் பெரிய அலகு. 

இந்த விவரிப்பை மீண்டும் ஒருமுறை படியுங்கள். நீண்ட கழுத்தும் உள்ளானின் அலகும் எந்த டோடோவுக்கு உண்டு?

ஆனால் பெயர் வென்றது. ரொட்ரிக்ஸின் சொலித்தேர் டோடோவின் உறவு. எனவே ரெயூனியனின் சொலித்தேரும் டோடோவின் உறவாகத்தான் இருக்க வேண்டும். இதுவே அன்றைய தர்க்கம். 1848-இல் ஸ்ட்ரிக்லாண்டும் மெல்வில்லும் டோடோ பற்றிய தம் பெருநூலில் அவ்வாறே ஊகித்தனர். அதே ஆண்டில் பெல்ஜிய அறிஞர் செலிஸ்-லோங்ஷாம் அதற்கு லத்தீன் பெயரும் சூட்டினார். ஓர் எலும்பு கூட எவர் கையிலும் இல்லை.

அடுத்து வந்தன ஓவியங்கள். 1850-களில் இங்கிலாந்தில் ஒரு பழைய நீர்வண்ண ஓவியம் வெளிச்சத்துக்கு வந்தது. நீர்ப்பறவைகளுக்கு நடுவே வெள்ளை டோடோ. வரைந்தவர் 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் பீட்டர் வித்தூஸ். வெள்ளைப் பறவை என்று பயணிகள் சொன்னது ரெயூனியனை; ஓவியத்தில் இருப்பது வெள்ளை டோடோ; ஆகவே இது ரெயூனியன் டோடோ! இரண்டு தனித்தனிப் பிழைகள் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்றன. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. வித்தூஸ் எந்தத் தீவுக்கும் சென்று வரைந்தவர் அல்லர். 1611-ஐ ஒட்டி ரொலாண்ட் சவேரி பிராகாவில் தீட்டிய ஓவியமொன்றிலும் வெளிறிய டோடோ உண்டு. அங்கிருந்த பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் சேகரிப்பில் அழுக்கு வெண்ணிறத்தில் ஒரு பாடம் செய்த டோடோ இருந்ததாகப் பட்டியல் கூறுகிறது. அவ்வுருவத்தின் வழிவந்தவையே பிற்கால வெள்ளை டோடோ ஓவியங்கள் என்பது இன்றைய ஆய்வாளர் துணிபு. அதாவது, மொரீஷியஸ் டோடோ ஒன்றின் நிறம் மங்கிய உடல், பிரதிக்குப் பிரதி தாவி, இன்னொரு தீவின் குடிமகன் ஆகிவிட்டது.

1907-இல் வால்டர் ராத்ஸ்சைல்டு அழிந்த பறவைகளைப் பற்றி வெளியிட்ட ஆடம்பர நூலில் வெள்ளை டோடோவுக்கு முழுப்பக்க வண்ணப்படம் கிடைத்தது. 1937-இல் ஜப்பானியப் பறவையியலாளர் ஹச்சிசுகா ஒரு படி மேலே சென்றார். பயணிகளின் குறிப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை அல்லவா? அப்படியானால் ரெயூனியனில் இருந்தவை இரண்டு பறவைகள். ஒன்று வெள்ளை டோடோ, மற்றொன்று சொலித்தேர். இரண்டுக்கும் தனித்தனிப் பேரினப் பெயர்கள். சான்றுகள் முரண்பட்டால் சான்றை ஐயுறாமல் பறவையைப் பெருக்குவது! இம்முறை அகராதிக்காரர்களுக்கும் புதிதன்று. பொருள் பொருந்தாத மேற்கோள்கள் வந்தால் ‘வேறொரு சொல்’ என்று எண் இட்டுப் பிரித்துவிடும் பழக்கத்தை என் ஆய்வில் அன்றாடம் காண்கிறேன்.

உண்மை தரைக்கடியிலிருந்து வந்தது. 1970-கள் முதல் ரெயூனியனின் குகைகளில் எலும்புகள் கிடைக்கத் தொடங்கின. டோடோவுக்குரிய எலும்பு ஒன்றும் இல்லை. கிடைத்தது அரிவாள்மூக்கன் இனத்துப் பறவை ஒன்றின் எலும்பு. 1987-இல் அதையும் வேறொரு புதுப்பறவை என்றே எண்ணிப் பெயரிட்டனர். 1995-இல்தான் செசில் மூரே-ஷோவிரேயும் உடன் ஆய்ந்தோரும் இரண்டையும் இணைத்தனர்: துபுவா கண்ட சொலித்தேர் இந்த அரிவாள்மூக்கனே. வெள்ளை உடல், கறுப்புச் சிறகு நுனி, நீண்ட கழுத்து, நீண்ட அலகு எல்லாம் பொருந்தின. 2004-இல் ஹியூமும் சீக்கும் வெள்ளை டோடோவின் முழு வரலாற்றையும் அவிழ்த்து எழுதி அப்பறவையை அடக்கம் செய்தனர். அடக்கம் செய்தும் அது சாகவில்லை என்பதற்கு என் கைப்பேசியே சான்று. ரெயூனியனின் புகழ்பெற்ற பீரை இன்றும் மக்கள் ‘டோடோ’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். புட்டியில் டோடோவின் தலை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சங்கப் பாடல்களில் வளைந்த அலகும் பனைமரக் கூடுமாய், இணையை ஒரு பொழுதும் பிரியாது வரும் அன்றிலை அரிவாள்மூக்கன் இனம் என்று அடையாளம் காண்போர் உண்டு. அது சரியானால், ஒரே குடும்பத்துப் பறவைக்கு நம் புலவர் இணைபிரியாமையையும் பிரெஞ்சு மாலுமி தனிமையையும் அடையாளமாக்கியிருக்கின்றனர். பெயர் என்பது பறவையைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு பார்த்தவரைப் பற்றியும் சொல்கிறது.

எங்கள் துறையில் ‘பேய்ச்சொல்’ என்றொரு கருத்து உண்டு. 1934-இல் வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘டோர்ட்’ என்ற சொல் அச்சேறியது, பொருள், அடர்த்தி. அப்படியொரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. ‘பெரிய டி அல்லது சிறிய டி’ என்பது அடர்த்தியின் குறுக்கம் என்று எழுதிய ஒரு சீட்டைத் தவறான கட்டில் சேர்த்ததால், ஆங்கிலத்தில் ‘அல்லது’ என்பதைக் குறிக்கும் ‘ஆர்’ இரு எழுத்துகளோடும் ஒட்டிச் சொல்லாகிவிட்டது. 1939-இல் ஒரு பதிப்பாளர் கண்டுபிடித்தார். ஐந்தாண்டுகள் அது மற்றச் சொற்களோடு சரிசமமாக வீற்றிருந்தது. வெள்ளை டோடோ பறவையியலின் டோர்ட். வேறுபாடு என்னவென்றால், இது வீற்றிருந்தது ஒன்றரை நூற்றாண்டு. இது தனித்ததும் அன்று. மொரீஷியஸில் ஆறடி உயரப் பறவைகளைக் கண்டதாக லெகா எழுதியதைக் கொண்டு, 1858-இல் ஷ்லேகல் ஒரு மாபெரும் பறவைக்கு லத்தீன் பெயர் சூட்டினார். அது பூநாரையாக இருக்கலாம் என்ற எளிய எண்ணம் பின்னரே நிலைபெற்றது.

சரி, செய்தி சரிதானே என்ற கேள்விக்கு வருகிறேன். செய்தி சரியில்லை. பொய்யான எடுத்துக்காட்டு, செய்தியையே பொய்யாக்கிவிட்டது.

டோடோ என்றவுடன் நம் மனத்தில் எழும் கதை என்ன? கொழுத்த, அசட்டுப் பறவை, ஓடத் தெரியாது, பசித்த மாலுமிகள் தடியால் அடித்துத் தின்று தீர்த்தனர். அண்மையில் ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவரே, தகுதியற்றது மறைந்தது, இதில் புலம்ப என்ன இருக்கிறது என்று சிரித்தபடி சொன்னார். அவையும் சிரித்தது. இச்சிரிப்பின் வேர் பெயரில் இருக்கிறது. ‘டோடோ’ என்ற சொல்லைச் சிலர் சோம்பேறி எனப் பொருள்படும் டச்சுச் சொல்லோடும், சிலர் மூடன் எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லோடும் இணைப்பர். தொடக்கத்தில் டச்சுக்காரர் அதை ‘அருவருப்புப் பறவை’ என்றே அழைத்தனர். அதன் இறைச்சி அவர்களுக்கு அவ்வளவு உவப்பாக இல்லை! லின்னேயஸ் 1766-இல் தந்த அறிவியல் பெயரிலும் ‘தகுதியற்றது’ என்ற அடைமொழி ஏறியது. கொலைக்குப் பிறகு இறந்தவனின் நடத்தையைப் பற்றி எழுதப்படும் காவல் நிலையக் குறிப்பு போன்றது இது. 2016-இல் மண்டையோட்டை ஊடுகதிரால் ஆய்ந்தவர்கள், உடலளவுக்கு ஏற்ற மூளையே டோடோவுக்கு இருந்தது, ஒரு புறாவுக்கு இருப்பதைப் போல, என்று காட்டினர். டோடோவும் ஒரு புறாவே.

தீவு உயிர்கள் அழியும் முறை வேறு. தரைவாழ் பாலூட்டிகளே எட்டாத தீவில் எலி, பன்றி, குரங்கு, பூனை வந்திறங்குகின்றன. தரையில் கூடு, ஓர் ஈட்டுக்கு ஒரே முட்டை, அதைத் தின்ன ஆயிரம் வாய்கள். பெரிய பறவைகள் பல ஆண்டுகள் நடமாடிக்கொண்டிருக்கும், குஞ்சுகள் மட்டும் இரா. மொரீஷியஸில் டச்சுக்காரர் கால்வைத்தது 1598. டோடோவைக் கண்டதாகப் பொதுவாக ஏற்கப்படும் கடைசிப் பதிவு 1662, அதுவும் ஓர் ஒதுக்குத் தீவுத்திட்டில். குறைவான மனிதர்கள், குறைவான தடிகள். முட்டையைக் குடித்தவை கப்பலில் உடன்வந்த விலங்குகள். ரெயூனியனின் அரிவாள்மூக்கனோ முற்றிலும் பறவாத பறவையே அன்று என்று அதன் எலும்புகள் கூறுகின்றன. ‘பறக்க மறந்தது, ஆகவே மாண்டது’ என்ற நீதிக்கதைக்குள் அது அடங்குவதில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மறைந்தது. உண்மையில் மறைந்த அப்பறவைக்கு யார் கண்ணீர்க் குறி இட்டார்கள்? அதன் இடத்தில் நாம் கற்பனைக் கொழுப்பு மூட்டை ஒன்றை உட்கார வைத்து அதற்கு அழுதுகொண்டிருந்தோம். கற்பனைப் பறவை உண்மைப் பறவையின் இழவையும் திருடிக்கொண்டது. இதுவே என் முதல் குற்றச்சாட்டு.

நியூசிலாந்தின் ஸ்டீஃபன்ஸ் தீவுச் சிறுகுருவியின் கதையும் இதே வகை. கலங்கரை விளக்கக் காவலரின் ஒற்றைப் பூனை ஓர் இனத்தையே அழித்தது என்பார்கள். 1894-இல் உலகறிந்த அக்குருவியைத் தின்றது ஒரு பூனை அன்று. தீவில் பெருகிப்போன காட்டுப் பூனைகள். ஒற்றைப் பூனை என்றால் அது விபத்து. பல பூனைகள் என்றால் அது நிர்வாகம். இரண்டுக்கும் பொறுப்பேற்பவர் வேறு. கி.பி. 1500-க்குப் பின் அழிந்த பறவையினங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது தீவுகளில் வாழ்ந்தவை. அத்தனை இழப்பையும் அசட்டுப் பறவை, பசித்த மாலுமி என்ற கேலிச்சித்திரத்தில் அடக்கிவிட்டால் துறைமுகமும் சரக்குக் கப்பலும் கதையிலிருந்து நழுவிவிடுகின்றன.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்றையது. 2023 ஜனவரியில் கொலோசல் என்ற அமெரிக்க நிறுவனம் டோடோவை மீட்டுயிர்ப்பிக்கப் போவதாக அறிவித்தது. முறை இதுதான்: டோடோவின் மரபணுத் தொகையை அதன் உயிருள்ள நெருங்கிய உறவின் மரபணுத் தொகையோடு ஒப்பிட்டு, அவ்வுறவின் உயிரணுக்களில் சில இடங்களைத் திருத்தி, கோழியை வாடகைத் தாயாக்கிப் பறவை ஒன்றைப் பெறுவது. அவ்வுயிருள்ள உறவு எது தெரியுமா? நிக்கோபார் புறா. 2002-இல் பெத் ஷபீரோவும் உடன் ஆய்ந்தோரும் மரபணு வழியாகக் காட்டிய உறவு இது.

இங்கே என் துறையின் ஓர் ஒழுக்கத்தைச் சொல்ல வேண்டும். தமிழ் ‘கை’, கன்னடக் ‘கய்’, தெலுங்குச் ‘செய்யி’ ஆகியவற்றை ஒப்பிட்டு மூலத்திராவிடத்தில் ‘கய்’ என்ற வடிவம் இருந்திருக்கும் என மீட்டுருவாக்குகிறோம். அவ்வடிவத்தின் முன் ஓர் உடுக்குறி இடுகிறோம். இது எவரும் பேசக் கேட்டதன்று, எந்தக் கல்வெட்டிலும் இல்லை, எங்கள் ஊகம் என்பதற்கான ஒப்புதல் அது. உடுக்குறியை விட்டுவிட்டு எழுதும் மாணவரை எந்த ஆய்வுக்குழுவும் மன்னிக்காது. 2025-இல் இதே நிறுவனம் சாம்பல் ஓநாயின் மரபணுத் தொகையில் இருபது திருத்தங்கள் செய்து பிறந்த குட்டிகளை, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த கொடு ஓநாய் என்று உலகுக்கு அறிவித்தது. உடுக்குறி எங்கே? நாளை கோழியின் வயிற்றிலிருந்து வரப்போவது திருத்தப்பட்ட நிக்கோபார் புறா. அதை டோடோ என்பது வித்தூஸின் ஓவியத்தை ரெயூனியன் என்றதற்கு நிகர். ஆய்வில் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. பறவையின் இனப்பெருக்க உயிரணுக்களை வளர்க்கும் நுட்பம், அழிவின் விளிம்பில் நிற்கும் பறவைகளுக்கு உதவக்கூடும். அதற்காக மகிழ்வேன். என் வழக்கு பெயரோடு மட்டும். ‘திரும்பி வரும்’ என்ற வினைச்சொல்லோடும்.

ஏனெனில் அவ்வினைச்சொல்லுக்கு அரசியல் உண்டு. அழிந்தது திரும்பி வருமென்றால் அழிப்பது அவ்வளவு பெரிய குற்றம் இல்லை. டோடோ திரும்புகிறது என்று நம் நாளேடுகள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது நிக்கோபாரில் நடந்தது என்ன? 2021 ஜனவரியில் பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடா வனவிலங்குக் காப்பிடம் என்ற தகுதி நீக்கப்பட்டது. 2022 நவம்பரில் அங்கே சரக்கு மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியவற்றுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு. அரசின் கணக்குப்படியே பல இலட்சம் மரங்கள். இழக்கும் மழைக்காட்டுக்கு ஈடாகக் காடு வளர்க்கத் திட்டமிட்ட இடம் ஹரியானா. நான் இருப்பது தில்லியில். ஹரியானாவின் வேனிலை அறிவேன். அங்கே நடும் எந்தக் கன்றும் நிக்கோபார் மரமாகப் போவதில்லை. இதுவும் ஒரு வகை வெள்ளை டோடோதான்: ‘காடு’ என்ற பெயர் பொருந்துவதால் இரண்டும் ஒன்று என எண்ணும் பழைய தர்க்கம்.

மிகைப்படுத்தி நானும் அதே பிழையைச் செய்யக் கூடாது. நிக்கோபார் புறா இத்துறைமுகத்தால் உலகிலிருந்து அழிந்துவிடாது. நிக்கோபாரிலிருந்து சாலமன் தீவுகள் வரை சிறுதீவு விட்டுச் சிறுதீவு பறந்து திரியும் பறவை அது. அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு: நிக்கோபார் மெகாபோடு. இத்தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லாதது. கடற்கரையை ஒட்டி மணலும் இலைக்குப்பையும் கூட்டிப் பெருமேடு கட்டி, அதற்குள் முட்டையிட்டு, மக்கும் இலையின் வெம்மையிலேயே பொரிக்க விடும் பறவை. 2004-இன் ஆழிப்பேரலை அம்மேடுகளில் பெரும்பகுதியை அள்ளிச் சென்றது. எஞ்சியவை மெல்ல மீளும் கரையில்தான் நாம் துறைமுகம் கட்டுகிறோம். அதே கரையில் தோல்முதுகுக் கடலாமை முட்டையிடுகிறது. அக்காட்டில் ஷொம்பென் மக்கள் வாழ்கிறார்கள். எண்ணிக்கை சில நூறு. அவர்களுடைய மொழியை வெளியுலகம் மிகக் குறைவாகவே பதிவு செய்திருக்கிறது. அம்மொழியில் மெகாபோடுக்கும் புறாவுக்கும் கட்டாயம் பெயர்கள் இருக்கும். என் துறை இன்னும் போய்க் கேட்காத பெயர்கள். பாதுகாப்பு, வணிகம் என்ற அரசின் வாதங்களை நான் எடுத்தெறியவில்லை. அவற்றை விவாதிக்கலாம், விவாதிக்க வேண்டும். விவாதத்தின் தட்டில் ஒருபுறம் உண்மையான துறைமுகமும் மறுபுறம் உண்மையான பறவையும் இருக்கட்டும் என்கிறேன். மறுதட்டில் கற்பனைப் பறவையை வைத்தால் எதிர்த்தரப்புக்கு அதைவிட எளிய வெற்றி இல்லை.

நம் நாட்டுக்கே ஒரு முன்மாதிரி உண்டு. சூரத்தில் இரண்டு டோடோக்களைக் கண்டதாகப் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி எழுதினார். ஜஹாங்கீர் அவையின் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ ஓவியம் இன்று சென்ட் பீட்டர்ஸ்பர்கில் இருக்கிறது. பழுப்பு நிறம், ஓரளவு மெலிந்த உடல். சுற்றிலும் இன்னின்னவை என அடையாளம் சொல்லக்கூடிய பறவைகள். உயிருள்ள டோடோவின் வண்ண ஓவியங்களில் மிக நம்பத்தக்கவற்றுள் ஒன்றாக அறிஞர்கள் அதைக் கொள்கின்றனர். காரணம் எளியது. வரைந்தவர் தம்முன் நின்ற பறவையை வரைந்தார்.

இதையெல்லாம் சுருக்கமாக நண்பருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்படியானால் எந்தப் படத்தைத்தான் போடுவது?” என்றார். மெகாபோடின் படம் ஒன்றை அனுப்பினேன். கோழி அளவு, மங்கிய பழுப்பு, முகத்தில் சிவந்த வெறுந்தோல், உடலுக்குப் பொருந்தாத பெரிய பாதங்கள். “இவ்வளவுதானா?” என்று கேட்டார். இதை எழுதும்வரை அவர் அதைப் பகிரவில்லை.